குறிலும் நெடிலும் ஏழு சுரமும்

பேசத் தெரிந்த குழந்தைக்கு எழுதவும் படிக்கவும் கற்பிக்க வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஐந்து வயது நிரம்பியதும் பலகையும் பலப்பமும் கையிற் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். ஆனால், பாடத் தெரிந்த குழந்தைக்கு அந்தப் பாட்டை எழுதவும், பிறர் எழுதியதைப் பார்த்துப் பாடவும் கற்பிக்க வேண்டும் என்று சொன்னால் பலர் வியப்போடு நம்மை நோக்குவர். “அதெல்லாம் வித்துவான்களுக்கு உரியது, சிறு பிள்ளைக்கு எதற்கு?” என்று கேட்பர். அந்தக் கேள்விக்கு விடை காண்பதே இப்பேச்சின் நோக்கம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நீலச் சுவர்போல எழுந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி அது. கோமுகி ஆறு பிறப்பது அங்கேதான். வெள்ளிமலையிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள நாட்டாருக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. மலையை ஆளுவோர், மலையில் வாழ்வோர் என்பதே பொருள். இவர்கள் பேசுவது தமிழே. சாமையும் தினையும் விளைக்கும் உழவர்கள் இவர்கள். 2019-ஆம் ஆண்டில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தபோது, இம்மலையின் பெரும்பகுதி அதனுள் அமைந்தது.

மலையாயினும் சமவெளியாயினும் நம் நாட்டுப் பெண்கள் தொட்டிலருகே தாலாட்டுப் பாடுவர். நாற்று நடுகையில் நடவுப் பாட்டுப் பாடுவர். உலக்கை பிடித்தால் அதற்கும் ஒரு பாட்டு உண்டு. இப்பாட்டுகளின் சொற்களைத் தொகுத்து நூலாக்கிய அறிஞர் பலர். அது நல்ல தொண்டு. ஆனால் அந்நூல்களைத் திறந்து பாருங்கள். சொல் இருக்கிறது, பாட்டு இல்லை. எந்த இடத்தில் குரல் உயர்ந்தது, எங்கே தாழ்ந்தது, எந்த எழுத்து நீண்டது என்பதற்கு ஒரு குறிப்பும் பெரும்பாலும் இராது. உலக்கையின் இடத்தில் இயந்திரம் வந்து அமர்ந்தால், உலக்கைப் பாட்டுப் பாடும் வேளையும் போய்விடும். பாடிய மூதாட்டியும் மறைந்துவிட்டால், அச்சிட்ட சொற்கள் மட்டும் ஊமையாய் நிற்கும்.

இது வெறும் அச்சமன்று. நம் இசை வரலாற்றிலேயே நேர்ந்தது. சீகாழி முத்துத்தாண்டவரும், இராம நாடகம் இயற்றிய அருணாசலக் கவிராயரும் பாடிய கீர்த்தனைகள் நமக்குக் கிடைத்துள்ளன. ஆனால் அவற்றின் பழைய மெட்டுகளில் பல மறைந்து போயின. பின்வந்த வித்துவான்கள் புதிதாய் மெட்டமைத்ததனால்தான் இன்று அவற்றைக் கேட்டு மகிழ்கிறோம். இதற்கு நேர்மாறான சான்று ஒன்றும் உண்டு. எட்டயபுரத்தில் வாழ்ந்த சுப்பராம தீட்சிதர் 1904-ஆம் ஆண்டில் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை வெளியிட்டார். அதில் முத்துசுவாமி தீட்சிதருடைய கிருதிகள் இருநூற்றுக்கு மேற்பட்டவற்றைச் சுரதாளக் குறிப்போடு எழுதி வைத்தார். குரல் அசைய வேண்டிய இடங்களுக்குக்கூடத் தனித்தனி அடையாளங்கள் இட்டார். அன்று எழுதியதனால் இன்றும் நாம் அவற்றைத் தேறிப் பாட முடிகிறது. எழுதிய இசைக்கும் எழுதாத இசைக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இசையை எழுதும் வழக்கம் மேனாட்டாரிடம் நாம் கடன் வாங்கியதோ என்று சிலர் ஐயுறுவர். ஈரோட்டுக்கு அருகே அறச்சலூரில் ஒரு குன்றின் குகையில் பழந்தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. தாளத்துக்கோ கூத்துக்கோ உரிய அசைகளை, குறிலும் நெடிலுமாக, வரிசைக்கு ஐந்தாக ஐந்து வரிசையில் அடுக்கி அதில் பொறித்திருக்கிறார்கள். புதுக்கோட்டைச் சீமையில் குடுமியான்மலையில் உள்ள கல்வெட்டோ இன்னும் விரிவானது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர் கருதும் அக்கல்வெட்டு, கிரந்த எழுத்தில் சுரக் கோவைகளை ஏழு பிரிவாக வகுத்துக் காட்டுகிறது. உருத்திராசாரியர் என்பாரின் மாணவனாகிய அரசன் ஒருவன், மாணாக்கர் நன்மைக்காக அவற்றை அமைத்தான் என்று அக்கல்வெட்டே கூறுகிறது. மாணாக்கர் நன்மைக்காக என்னும் அத்தொடரை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் சுரத்தைக் கல்லில் எழுதியதே கற்பிப்பதற்காகத்தான்!

இனி, சிறு பிள்ளைகளுக்கு இதனை எவ்வாறு கற்பிப்பது என்று பார்ப்போம். ஏழு சுரங்களின் பெயர்களாகிய சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம் என்பவற்றின் முதலெழுத்துகளை எடுத்தே ஸ, ரி, க, ம, ப, த, நி என்று பாடுகிறோம். பழந்தமிழர் இவ்வேழினையும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்றனர். ஆ, ஈ, ஊ, ஏ, ஐ, ஓ, ஔ என்னும் ஏழு நெட்டெழுத்துகளும் ஏழிசைக்கு உரியவை என்று நம் நிகண்டுகள் சொல்கின்றன. ஆக, எந்த வழியில் சென்றாலும் நம் சுரம் எழுத்தாகவே இருக்கிறது. மேனாட்டார் ஐந்து கோடுகள் கிழித்து, அவற்றின் மேலும் இடையிலும் புள்ளியிட்டு இசையை வரைகிறார்கள். அந்தப் புள்ளிகளையும் அவற்றின் வால்களையும் அவர்களுடைய குழந்தை புதிதாகக் கற்க வேண்டும். தமிழ்க் குழந்தைக்கோ அகர முதல எழுத்தைக் கற்கும்போதே இசையெழுத்தின் பாதி கைவந்துவிடுகிறது.

எவ்வாறு என்று கேட்கலாம். முதல் வகுப்பிலேயே ஆசிரியர் குறில், நெடில் கற்பிக்கிறார். சற்று மேல்வகுப்பில், குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று சொல்லித் தருகிறார். கண் இமைக்கும் நேரமும் கை நொடிக்கும் நேரமுமே மாத்திரைக்கு அளவு என்று தொல்காப்பியர் வகுத்தார். நம் சுரக் குறிப்பும் இந்த ஒரே விதியின்மேல்தான் நிற்கிறது. ‘ஸ’ என்று குறிலாக எழுதினால் ஓர் எண்ணிக்கை. ‘ஸா’ என்று நெடிலாக எழுதினால் இரண்டு எண்ணிக்கை. ‘ரி’ ஒன்று, ‘ரீ’ இரண்டு. அதற்குமேலும் நீள வேண்டுமானால் பக்கத்தில் ஒரு காற்புள்ளி இடுவர். அது ஓர் எண்ணிக்கை. அரைப்புள்ளி இட்டால் இரண்டு. ‘ஸா’ என்பதன் பக்கத்தில் ஒரு காற்புள்ளி நின்றால் மூன்று மாத்திரை ஆயிற்று. இலக்கண வகுப்பில் அளபெடை என்று படித்தோமே, அதுதான் இது! இசையில் எழுத்துகள் தம் அளவு கடந்து நீளும் என்பதையும், அது யாழ்நூலார் மரபு என்பதையும் தொல்காப்பியரே குறித்துச் சென்றிருக்கிறார்.

ஒரு சிறு வேறுபாட்டை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும். இசையில் மாத்திரை என்பது மாறாத நொடியன்று. பாட்டின் நடை விரைந்தால் மாத்திரையும் சுருங்கும்; நடை தாழ்ந்தால் விரியும். நெடில் குறிலைப்போல் இரு மடங்கு என்னும் கணக்கு மட்டும் மாறுவதில்லை. சுரங்களின் தலைமேல் ஒரு கோடு இழுத்தால் அவை இரு மடங்கு விரைவில் பாடத்தக்கவை; இரண்டு கோடு இழுத்தால் நான்கு மடங்கு. எழுத்தின் மேலே புள்ளியிருந்தால் மேல் ஸ்தாயி. கீழே புள்ளியிருந்தால் கீழ் ஸ்தாயி. இவ்வளவுதான் அடிப்படை. ஒரு சிறு பலகையில் எழுதி முடித்துவிடலாம்.

ஆனால் ஆசிரியர் இதனைப் பலகையில் எழுதித் தொடங்கலாகாது. எழுத்தறிவுக்கு முன் பேச்சு இருப்பதுபோல, சுர அறிவுக்கு முன் செவி பழக வேண்டும். மேடு எது, பள்ளம் எது என்று காது அறியாத குழந்தை ‘ஸரிகம’ என்று எழுதினால், அது பொருள் தெரியாமல் எழுதிய அயல்மொழி போன்றது. முதற்சில வாரங்கள் குழந்தைக்குத் தெரிந்த பாட்டுகளையே பாடச் செய்ய வேண்டும். பல தாலாட்டுகள் நாலைந்து சுரங்களுக்குள்ளேயே அடங்கிவிடும். குரல் ஏறும்போது கையை உயர்த்தவும், இறங்கும்போது தாழ்த்தவும் பழக்க வேண்டும். ஆசிரியர் தம் குரலுக்கு ஏற்ற சுருதியில் குழந்தையை இழுக்காமல், குழந்தையின் குரலுக்கு ஏற்ற சுருதியைத் தாம் ஏற்க வேண்டும். நம் சட்ஜம் இடம் பெயரக்கூடியது. யார் குரலுக்கு எது எளிதோ அதுவே அவர்க்குச் சட்ஜம். இது பிஞ்சுக் குரலுக்குப் பெரும் நன்மை.

அடுத்தது தாளம். ஆதிதாளம் எட்டு எண்ணிக்கை உடையது. ஒரு தட்டும் மூன்று விரல் எண்ணுதலும் சேர்ந்து நான்கு. பின்பு தட்டும் வீச்சுமாக இரண்டு. மறுபடியும் தட்டும் வீச்சுமாக இரண்டு. எழுதும்போது இந்நான்கு, இரண்டு, இரண்டு என்னும் பகுதிகளை நிறுத்தக் கோடுகளால் பிரித்துக் காட்டுகிறோம். எட்டும் முடியுமிடத்தில் இரட்டைக் கோடு இடுகிறோம். ‘ஸ ரி கா | மா | பா ||’ என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். குறில் இரண்டும் நெடில் ஒன்றும் சேர்ந்து முதற்பகுதியில் நான்கு. பின் வரும் நெடில் ஒவ்வொன்றும் இரண்டு. ஆக மொத்தம் எட்டு. இரண்டாம் வகுப்புக் குழந்தை கூட்டல் கணக்காகவே இதைச் சரிபார்த்துவிடும். கணக்குப் பிசகினால் தாளமும் பிசகும் என்பதை அதன் கையே அதற்குச் சொல்லும்.

நம் குறிப்பில் ஒரு குறையும் உண்டு. அதை மறைப்பதில் பயனில்லை. மேனாட்டுக் கோட்டில் புள்ளி ஏறினால் குரல் ஏறுகிறது என்று கண் கண்டுகொள்ளும். நம் எழுத்தில் ‘ஸ’வும் ‘ப’வும் ஒரே வரியில் சமமாக நிற்கின்றன, ஏற்றமும் இறக்கமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. இக்குறையைத் தீர்க்க விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பல்லாங்குழியே போதும். அதில் வரிசைக்கு ஏழு குழி, இரண்டு வரிசை. பலகையைக் குழந்தைக்கு முன் நீளவாட்டில் வைத்தால், அருகில் இருக்கும் குழி ஸ. அதற்கு அப்பால் ரி. இப்படியே எட்டத்தில் இருப்பது நி. பக்கத்து வரிசை மேல் ஸ்தாயி. ஸட்ஜமும் மேல் ஸட்ஜமும் பெயரால் ஒன்று, உயர்வால் வேறு என்னும் நுட்பமான உண்மையை, அடுத்தடுத்து அமைந்த இரு குழிகள் சொல்லாமலே விளக்கிவிடும். ஆசிரியர் ஒரு குழியில் புளியங்கொட்டை ஒன்று போட்டால் குழந்தை அந்தச் சுரத்தைக் குறிலாகப் பாடட்டும். இரண்டு போட்டால் நெடிலாகப் பாடட்டும். பின்பு ஆசிரியர் பாட, குழந்தை கேட்டுக் கொட்டை போடட்டும். முன்னது படித்தல், பின்னது எழுதுதல். பலகை இல்லாத மலைப்பள்ளியில் மண்ணிலே ஏழு குழி தோண்டினாலும் பாடம் நடக்கும். சில நாளில் குழியை விட்டுக் குழந்தை எழுத்துக்கு வந்துவிடும். குழிகளுக்கு இடையே உள்ள தூரம் சமமாயினும், சுரங்களுக்கு இடையே உள்ள தூரம் சமமன்று என்பதைச் செவிதான் கற்பிக்க வேண்டும்.

இவ்வளவும் பழகிய பின்னரே சரளி வரிசை. புரந்தரதாசர் வகுத்ததாக மரபு போற்றும் அவ்வரிசைகளை மாயாமாளவகௌளை இராகத்தில் பாடுகிறோம். அந்த இராகத்தில் ஸ, ரி இரண்டும் நெருங்கி நிற்கும். க, ம இரண்டும் நெருங்கி நிற்கும். அதே அமைப்புப் ப முதல் மேல் ஸ வரையிலும் திரும்ப வரும். முன்பாதியும் பின்பாதியும் ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருப்பதனால், ஒன்றைப் பிடித்த குரல் மற்றதையும் எளிதிற் பிடிக்கும்.

உலகில் பிறரும் இந்த வழியிலேயே சென்றிருக்கின்றனர். பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அரெட்ஸோ நகரத்துக் குயிதோ என்னும் துறவி, கோயிலில் பாடும் சிறுவர் பத்தாண்டு பாடுபட்டும் கேளாத பாட்டொன்றைத் தாமே பாட இயலாதிருப்பதைக் கண்டு வருந்தினார். ஒவ்வோர் அடியும் முன்னடியைவிட ஒரு படி உயர்ந்து தொடங்கும் ஒரு துதிப்பாடலைக் கற்பித்து, அவ்வடிகளின் முதலசைகளையே சுரப் பெயர்களாக்கினார். ஓரிரண்டு ஆண்டில் தேர்ந்த பாடகனை உருவாக்கலாம் என்று எழுதினார். நம் காலத்துக்கு அண்மையில், அங்கேரி நாட்டில் கோடாய் என்னும் இசையறிஞர் 1905-ஆம் ஆண்டு முதல் நாட்டுப்புறம் சென்று உழவர் பாட்டுகளைக் குறிப்பெடுத்தார். பின்பு அந்தப் பாட்டுகளையே கொண்டு குழந்தைகளுக்குச் சுரம் படிக்கக் கற்பிக்கும் முறையை வளர்த்தார். நாள்தோறும் இசைப் பாடம் நடக்கும் தொடக்கப் பள்ளி ஒன்று 1950-ஆம் ஆண்டில் அவர் பிறந்த கெச்கெமேத் நகரில் தோன்றியது. தாய்மொழியில் எழுத்தறிவு தொடங்குவதுபோல, தாய்நாட்டுப் பாட்டில் இசையறிவு தொடங்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

அந்தக் கொள்கை கல்வராயன் மலைக்கு எவ்வளவு பொருந்துகிறது! விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. ஆனால் அத்தகைய பள்ளிகளில் சேர்வதற்குப் பன்னிரண்டு வயது நிரம்ப வேண்டும். மேலும், மலைச் சிற்றூரிலிருந்து விழுப்புரம் நெடுந்தொலைவு. பன்னிரண்டு வயதுக்கு முந்திய பருவமோ செவி மிகக் கூர்மையாய் இருக்கும் பருவம். அப்பருவத்தில் குழந்தைக்குக் கிடைப்பவர் ஊர்ப் பள்ளி ஆசிரியரும் வீட்டுப் பெரியோருமே. ஆசிரியர் கச்சேரி செய்பவராய் இருக்க வேண்டுவதில்லை. சுருதியோடு பாடவும், எட்டு எண்ணவும், குறில் நெடில் பிரிக்கவும் தெரிந்தால் தொடக்கத்துக்கு அதுவே போதும். பாட்டியின் தாலாட்டில் ஓரடியை, அவள் பேத்தியே ‘ரி கா’ என்று எழுதிக் காட்டும் நாளில், அந்தக் குழந்தைக்கு இரண்டு உண்மைகள் விளங்கும். ஒன்று, எழுத்து என்பது பாடநூலுக்கு மட்டும் உரியதன்று. மற்றொன்று, தன் வீட்டுப் பாட்டும் எழுதி வைக்கத் தக்க பெருமை உடையது. இவ்விரண்டில் பின்னதே பெரிது.

“இப்போது ஒவ்வொரு கையிலும் தொலைபேசி இருக்கிறதே, பாட்டை ஒலிப்பதிவு செய்துவிட்டாற் போகிறது, சுரம் எழுதி என்ன ஆகப்போகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். ஒலிப்பதிவு அவசியமே. குரலின் குழைவையும், கமகத்தையும், மூச்சையும் எந்த எழுத்தாலும் முழுமையாகக் காட்ட இயலாது. சுரக் குறிப்பு பாட்டின் எலும்புதான். தசையும் உயிரும் கேள்வியால் வர வேண்டும். ஆயினும் ஒலிப்பதிவைக் கேட்பவன் கேட்கிறான்; சுரம் எழுதுபவனோ ஆராய்கிறான். எந்தச் சுரத்தில் அடி முடிகிறது, எந்தச் சுரமே வாராமல் விடுபட்டது, இந்த ஊர்ப் பாட்டுக்கும் அடுத்த ஊர்ப் பாட்டுக்கும் எங்கே வேற்றுமை என்பனவெல்லாம் எழுதும்போதுதான் கண்ணுக்குப் புலனாகும். நூல்களைப் பிறர் வாசிக்கக் கேட்டே வாழ்ந்தவனுக்கும் தானே படிக்கத் தெரிந்தவனுக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு.

கல்லூரியில் பயிலும் இளைஞர்கள் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குச் சிற்றூர்களுக்குச் செல்கிறார்கள். சாலை செப்பனிடுவதும் மரம் நடுவதும் நல்ல பணிகளே. அவற்றோடு ஒரு குறிப்பேட்டையும் கொண்டு செல்லலாம். பாடுபவரிடம் இசைவு பெற்று, அவர் பெயர், ஊர், பாடிய நாள், எந்த வேளைக்குரிய பாட்டு என்பவற்றை முதலில் எழுத வேண்டும். பின்பு சொல்லை எழுதி, அதன் தலைமேல் சுரத்தை எழுத வேண்டும். ஐயமுள்ள இடத்தைத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுதியதை அவரிடமே பாடிக் காட்டி, சரிதானா என்று கேட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்த ஊர்க் குழந்தைகள் சூழ்ந்து நின்று பார்ப்பார்கள். அவர்களுக்கும் ஒரு பலப்பம் கொடுங்கள்.

கல்லில் சுரம் பொறித்த அரசன் மாணாக்கர் நன்மையைக் கருதினான். நமக்குக் கல்லும் உளியும் வேண்டா. ஒரு பல்லாங்குழியும் ஒரு பலகையும் போதும். குறிலும் நெடிலும் அறிந்த குழந்தை எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் ஏழு சுரங்களை எழுதக்கூடிய கை ஒன்று காத்திருக்கிறது. மூதாட்டிகளின் குரல் ஓய்வதற்குள் அந்தக் கைகளைப் பழக்கிவிடுவது நம் கடமை.